நோயாளியின் மொழியறிந்த தாதியர்

மார்கழி முதல் வைகாசி வரை சிவனொளிபாதமலை ஏறும் யாத்திரிகர் ஆயிரமாயிரம் பேர் நல்லதண்ணியைக் கடந்து செல்கின்றனர். அம்மலையடிவாரத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வாழும் மக்களுக்கோ வேறோர் ஏற்றமும் உண்டு. உடல் நலிந்த வேளையில் தம் நோயைத் தம் மொழியில் எடுத்துரைப்பதே அது.

“நெஞ்சு கரிக்குது” என்பது ஒன்று. “நெஞ்சு அடைக்குது” என்பது முற்றிலும் வேறு. துணைக்கு வந்த சிறுவனோ, வைத்தியசாலைச் சிற்றூழியரோ மொழிபெயர்த்தால் இரண்டும் வெறும் ‘நெஞ்சு வலி’ ஆகிவிடும். அயல் ஆடவர் வாயிலாகச் சொல்ல நாணிப் பெண்கள் மறைக்கும் நோய்கள்தாம் எத்தனை! தமிழறிந்த தாதி சிகிச்சைக்கு ஓர் அலங்காரம் அல்லள். சிகிச்சையின் ஒரு பகுதியே ஆவாள்.

இந்திய உதவியுடன் 150 படுக்கைகளோடு அமைந்த டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலை 2017 மே மாதத்தில் திறந்துவைக்கப்பட்டது. கட்டடம் எழுந்தது நன்றே. கட்டிலருகே நிற்பவர் யார் என்பதே அடுத்த வினா.

தோட்டத்துப் பெண்கள் இத்தொழிலை நாடுவதற்குத் தடையாய் நின்றவை யாவை? 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பலரை நாடற்றோர் ஆக்கியது. நாடற்றோர்க்கு அரசாங்க உத்தியோகம் ஏது? 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியோர்க்கும் பிரஜாவுரிமை வழங்கிற்று. அக்கதவு திறந்தது, ஆயினும் அடுத்த கதவு பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. தாதியர் பயிற்சிக்கு வழக்கமாக உயர்தர விஞ்ஞானப் பிரிவில் சித்தி வேண்டும். தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் அவ்வகுப்பே இல்லை. நல்லதண்ணி மாணவி ஹட்டனுக்குச் சென்று கற்பதாயின் மலைப்பாதையில் ஏறக்குறைய 30 கிலோமீற்றர் பிரயாணம் செய்தல் வேண்டும்.

இத்தகைய தடைகள் பிற நாட்டுப் பழங்குடி மக்களுக்கும் இருந்தன. கனடாவின் மோஹாக் குலத்தவரான ஈடித் மொன்ரூர் அம்மையாருக்குத் தம் நாட்டில் தாதியர் கல்வி கிட்டவில்லை. அமெரிக்கா சென்று பயின்று 1914இல் தேறினார். முதல் உலக யுத்தத்தில் பிரான்சில் பணிபுரிந்தார். பின்னர் தம் மக்களிடமே திரும்பி, அவர்களுடைய வைத்தியசாலையில் பல்லாண்டுகள் சேவை செய்தார். ஊர்ப்பெண்ணுக்குக் கல்வி அளித்தால் அதன் பயன் ஊருக்கே மீளும் என்பதற்கு அவர் சான்று.

சேர்ப்பது மட்டும் போதாது. நிலைக்கச் செய்வதும் வேண்டும். இராக் கடமை முடித்து வரும் தாதி, பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில், பிள்ளைகளின் அரவத்திடையே பகலில் எங்ஙனம் உறங்குவாள்? வைத்தியசாலை அருகில் விடுதியும், நேரம் தவறாத பஸ்ஸும் இல்லையேல், அவளும் இடமாற்றம் கேட்பாள்.

ஆகவே செய்யத்தக்கன மூன்று: தோட்டப் பாடசாலைகளில் விஞ்ஞான வகுப்பு, பயிற்சி பெறுவோர்க்கு ஆதரவு, பணிபுரிவோர்க்கு உறைவிடம். பெற்றோர்க்கும் ஒரு கடமையுண்டு. சாதாரணதரம் முடித்த மகளை உடனே கொழும்புக்கு வேலைக்கு அனுப்பாது, இரண்டாண்டு மேலும் படிக்க விடுங்கள். நாளை உங்கள் நோயை உங்கள் சொல்லாலேயே கேட்டறிபவள் அவளாக இருக்கலாம்.