நெல்லிக்காய் நச்சை முறிக்குமா?

"தினமும் ஒரு நெல்லிக்காய் சாப்பிட்டா உடம்புல இருக்கிற நச்சு எல்லாம் போயிடும்." இந்த வாட்ஸ்அப் மெசேஜ் உங்களுக்கும் வந்திருக்கும். இதில் எவ்வளவு உண்மை? ஹாஸ்டலில் எல்லார் பையிலும் இருக்கிற பாராசிட்டமாலை வைத்தே பார்த்துடலாம்.

முதலில், ஆன்டிஆக்ஸிடன்ட் என்ன செய்யுது? இரும்புக் குழாய் மேல துத்தநாகம் பூசுவோம் இல்லையா? துத்தநாகம் தன் எலக்ட்ரானைக் கொடுத்து, தான் அரிந்துபோய், இரும்பைக் காப்பாத்தும். வைட்டமின் சி செய்வதும் கிட்டத்தட்ட இதேதான். ஃப்ரீ ரேடிக்கல்கள் நம்ம செல்களிலிருந்து எலக்ட்ரானைப் பறிக்கும் முன், தன்னுடையதைக் கொடுத்துடும். நெல்லி, கொய்யா இரண்டிலும் ஆரஞ்சை விட வைட்டமின் சி அதிகம்.

இப்போ மாத்திரைக்கு வருவோம். பாராசிட்டமாலில் பெரும்பகுதியைக் கல்லீரல் சிக்கலில்லாமல் வெளியேற்றிவிடும். ஒரு சிறு பகுதி மட்டும் நச்சுப்பொருளாக மாறும். அதைப் பிடித்துச் செயலிழக்க வைப்பது குளூட்டாதயோன். இதுவும் ஓர் ஆன்டிஆக்ஸிடன்ட்தான், கல்லீரலே தயாரிப்பது. மாத்திரை அளவு மீறினா இந்தக் கையிருப்பு தீர்ந்துடும். அப்புறம் நச்சு நேராகக் கல்லீரல் செல்களைத் தாக்கும்.

பழச்சாறு கொடுத்த எலிகளில் இந்தப் பாதிப்பு குறைஞ்சதாகப் பல ஆய்வுகள் உண்டு. ஆனா பெரும்பாலும் சாற்றைப் பல நாள் முன்னாடியே கொடுத்துட்டு, பிறகுதான் நச்சைக் கொடுப்பாங்க. மனிதருக்கு ஆஸ்பத்திரியில் கொடுப்பது நெல்லிச்சாறு இல்லை. குளூட்டாதயோன் உருவாக மூலப்பொருள் தரும் அசிட்டைல்சிஸ்டீன் என்ற மருந்து. 8 மணி நேரத்துக்குள் கொடுத்தா நல்ல பலன் இருக்கும்.

ஆபத்தே இங்கேதான். முதல் நாள் வெறும் குமட்டலோடு போயிடலாம். ஒண்ணுமே தெரியாமலும் இருக்கலாம். கல்லீரல் பாதிப்பு வெளியே தெரிய இரண்டு, மூணு நாள் ஆகும்.

ஆரோக்கியமான பெரியவர்களுக்கே ஒரு நாள் உச்ச வரம்பு 4 கிராம். 650 மில்லிகிராம் மாத்திரை 6 போட்டாலே 3.9 கிராம் ஆச்சு! சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் இருக்கு. அதனால அட்டையின் பின்பக்கத்தைப் படிச்சுட்டுப் போடுங்க.

கொய்யாவும் நெல்லியும் தாராளமாகச் சாப்பிடுங்க, உடம்புக்கு நல்லது. ஆனா ரூம்மேட் மாத்திரை அதிகமாகப் போட்டுட்டது தெரிஞ்சா, ஜூஸ் கொடுத்துப் படுக்க வைக்காதீங்க. தெரியாமல் போட்டாலும் சரி, தெரிஞ்சே போட்டாலும் சரி, திட்டாம உடனே 108-ஐக் கூப்பிடுங்க. மாத்திரை அட்டையையும் கையோட எடுத்துட்டுப் போங்க.