ஆரஞ்சு விளக்கை அணைப்பதற்கு முன்

போன ஐப்பசி அடைமழையில் திருச்சியிலிருந்து தஞ்சாவூருக்குக் காரில் போய்க்கொண்டிருந்தேன். வல்லம் வரும் முன்பே முன்னால் போன லாரியைத் தாண்டலாம் என்று ஆக்ஸிலேட்டரை அழுத்தி மிதித்தேன். வண்டி குலுங்கியது. பிக்கப் இல்லை. டேஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட ஆரஞ்சு விளக்கு பத்து விநாடி விட்டுவிட்டு மின்னியது. காலை எடுத்ததும் நிலையாக எரிய ஆரம்பித்தது. மெதுவாக ஓட்டி ஊர் போய்ச் சேர்ந்து, மறுநாள் ஓர் ஒர்க் ஷாப்பில் விட்டேன். அரை மணி நேரத்தில் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். "சென்சார் பிராப்ளம்தான் சார். கிளியர் பண்ணியாச்சு, தைரியமா ஓட்டுங்க." விளக்கும் எரியவில்லை. மூன்றாம் நாள் அதே குலுக்கல், அதே விளக்கு.

அங்கே என்ன நடந்தது என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. விளக்கு ஏன் எரிந்தது என்று பார்க்காமலேயே அதை அணைத்திருக்கிறார்கள். காய்ச்சல்காரர் வாயிலிருந்து எடுத்த தெர்மாமீட்டரை உதறிவிட்டு, "குணமாகிவிட்டது, போய் வாருங்கள்" என்று அனுப்புவதைப் போன்றது அது. இந்த விளக்குக்குப் பின்னால் ஒரு வாக்குமூலம் எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படிக்க மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. கார் வைத்திருக்கும் எவரும் படிக்கலாம். படிக்க வேண்டும் என்றே சொல்வேன்.

காற்றுக்காகப் பிறந்த விளக்கு

பெயர் 'செக் என்ஜின் லைட்' என்றாலும், இது என்ஜினைக் காப்பதற்காகப் பிறந்ததல்ல. காற்றைக் காப்பதற்காகப் பிறந்தது. கதை அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் தொடங்குகிறது. 1943 ஜூலையில் ஒருநாள் அந்த நகரத்தைப் பழுப்புப் புகைமூட்டம் மூடியது. கண் எரிந்தது, தொண்டை கமறியது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். எதிரி விஷவாயு வீசிவிட்டானோ என்றுகூடச் சிலர் பயந்தார்கள்.

அந்த மர்மத்தை அவிழ்த்தவர் ஆரி ஹாகன்-ஸ்மிட். நெதர்லாந்தில் பிறந்து, கால்டெக் நிறுவனத்தில் அன்னாசிப்பழத்தின் மணத்துக்குக் காரணமான வேதிப்பொருட்களை ஆராய்ந்துகொண்டிருந்த உயிர்வேதியியலாளர் அவர். பழத்தின் மணத்தைப் பிரித்தறிந்த அதே கையால் நகரத்தின் காற்றையும் பிரித்துப் பார்த்தார். கார்கள் கக்கும் எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனாகின்றன, அதுவே கண்ணை எரிக்கும் புகைமூட்டத்தின் வேர் என்று 1950களின் தொடக்கத்தில் நிறுவினார். 1967இல் கலிஃபோர்னியாவில் காற்றுவள வாரியம் உருவானபோது அதன் முதல் தலைவராகவும் ஆனார்.

புகையைக் குறைக்கும் கருவிகள் கார்களில் ஏறின. ஆனால், கருவி பழுதானாலும் வண்டி ஓடத்தான் செய்யும். ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது. நச்சை மூச்சில் இழுப்பவர் பின்னால் ஸ்கூட்டரில் வருபவர். ஆகவே, தன் புகைத்தடுப்பு வேலை செய்கிறதா என்று காரே தன்னைச் சோதித்து, பழுதானால் ஓட்டுபவரிடம் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியா விதி செய்தது. அதன் முதல் வடிவம் 1988 மாடல் கார்களில் வந்தது. 'ஓபிடி-2' என்ற இரண்டாம் வடிவம் 1996 மாடலில் இருந்து அமெரிக்கா முழுவதும் கட்டாயமானது. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001இல் வந்தது. இந்தியாவில் கார்களுக்கு 2013 ஏப்ரலில் இருந்து ஓபிடி-2 கட்டாயம். 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பாரத் ஸ்டேஜ்-6 விதிகள் அதை இன்னும் இறுக்கின.

தன்னைத்தானே நாடி பார்க்கும் கார்

கணினி எப்படிக் கண்டுபிடிக்கிறது? என் வண்டியில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். நான்கு சிலிண்டர் என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது, விநாடிக்கு 100 முறை பெட்ரோல் வெடித்து எரிகிறது. ஒவ்வொரு வெடிப்பும் கிராங்க் தண்டுக்கு ஒரு தள்ளு கொடுக்கிறது. தண்டோடு ஒரு பல் சக்கரம் சுற்றுகிறது. பல கார்களில் அதில் 58 பற்களும், இரண்டு பல் அளவுக்கு ஓர் இடைவெளியும் உண்டு. அருகில் இருக்கும் சென்சார் ஒவ்வொரு பல்லும் கடக்கும் நேரத்தை அளக்கிறது. ஒரு சிலிண்டர் ஒரு தடவை எரியத் தவறினால், அந்தத் தள்ளு கிடைக்காமல் தண்டு இம்மியளவு தாமதிக்கும். எந்த இடத்தில் தாமதம் என்று பார்த்து, 'தவறியது இரண்டாம் சிலிண்டர்' என்று கணினி எழுதிவிடுகிறது. மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங்' என்பது இதைத்தான்.

அடுத்தது புகைக்குழாய். அதன் நடுவே கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்ற உறுப்பு இருக்கிறது. தேன்கூடு போன்ற பீங்கான். அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. நச்சுவாயுக்களை மாற்றி அனுப்புவது அதன் வேலை. அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வோர் ஆக்சிஜன் சென்சார். பழைய வகைச் சென்சாரில் முன்னால் இருப்பதன் அளவு 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்கும். கன்வெர்ட்டர் நலமாக இருந்தால், அது ஆக்சிஜனைச் சேமித்துச் சேமித்துக் கொடுப்பதால் பின்னால் இருக்கும் சென்சார் அமைதியாக இருக்கும். பின்னதும் முன்னதைப் போலவே துள்ள ஆரம்பித்தால் கன்வெர்ட்டர் களைத்துவிட்டது என்று பொருள்.

விளக்கு மின்னுவதற்கும் நிலையாக எரிவதற்கும் வித்தியாசம் உண்டு. மின்னினால், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்துகொண்டிருக்கிறது. அந்தச் சூட்டில் பீங்கானே உருகலாம். உடனே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஓரம் கட்டுங்கள். நிலையாக எரிந்தால், வண்டி இயல்பாக ஓடுகிறவரை வீடு போய்ச் சேரலாம். ஆனால் மாதக்கணக்கில் விடக் கூடாது. சிவப்பு நிற ஆயில் விளக்கும் என்ஜின் சூட்டு எச்சரிக்கையும் வேறு. அவை எரிந்தால் அங்கேயே வண்டியை நிறுத்திவிட வேண்டும்.

வாக்குமூலத்தைப் படிப்பது

இரண்டாம் முறை விளக்கு எரிந்ததும் ஒரு புளூடூத் ஸ்கேனர் வாங்கினேன். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. விலை ஒருமுறை டேங்க் நிரப்பும் காசைவிடக் குறைவு. ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே குனிந்து பார்த்தால் 16 ஊசிகளுக்கான சாக்கெட் தெரியும். எந்த கம்பெனி காராக இருந்தாலும் அதே வடிவம், அதுவும் விதிதான். ஸ்கேனரைச் செருகி, சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பி, கைபேசிச் செயலியைத் திறந்தேன். திரையில் வந்தது: பி0302.

இந்த ஐந்து எழுத்துக்கும் இலக்கணம் உண்டு. 'பி' என்றால் என்ஜினும் கியரும் சேர்ந்த பகுதி. அடுத்த 0, எல்லா கம்பெனிகளுக்கும் பொதுவான குறியீடு என்பதைக் காட்டுகிறது; அங்கே 1 இருந்தால் பெரும்பாலும் அந்தந்த கம்பெனியின் சொந்தக் குறியீடு. மூன்றாவது இடம் துறை: 1, 2 என்றால் காற்று-எரிபொருள் கலவை; 3 தீப்பொறியும் மிஸ்ஸிங்கும்; 4 புகைத்தடுப்பு. கடைசி இரண்டு இலக்கம் குறிப்பான கோளாறு. ஆக, பி0302 என்றால் இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஸிங்.

குறியீட்டோடு இன்னொன்றும் இருந்தது. கோளாறு பதிவான நொடியில் வண்டி எந்த நிலையில் இருந்தது என்பதைக் கணினி ஒரு புகைப்படம் போல உறைய வைத்திருக்கிறது. என் வண்டியில்: வேகம் 62 கிலோமீட்டர், 2,100 சுற்று, என்ஜின் சூடு 88 டிகிரி, பளு 80 சதவீதத்துக்கு மேல். முழு பளுவில் சிலிண்டருக்குள் அழுத்தம் அதிகம். அப்போது தீப்பொறி தாவ அதிக வோல்ட் வேண்டும். அந்த வோல்ட்டைத் தரும் இக்னிஷன் காயில் பலவீனமாக இருந்தால், அந்த நேரம் பார்த்துத்தான் கைவிடும். முதல் தடவை ஒர்க் ஷாப்பில் 'கிளியர்' அழுத்தியபோது அழிந்துபோனது இதைப் போன்ற ஒரு படம்தான்.

இடம் மாற்றிப் பார்த்த காயில்

பானெட்டைத் திறந்தேன். என்ஜின் ஆறியிருந்தது, சாவி வெளியே. சில்லென்று இருக்கும் என்ஜினில்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். காயிலில் பிறப்பது பல்லாயிரம் வோல்ட், ஓடும் வண்டியில் கை வைக்கவே கூடாது. நான்கு பிளக்குகளின் மேல் நான்கு காயில்கள். பெரும்பாலான கார்களில் டைமிங் செயின் இருக்கும் பக்கத்திலிருந்து 1, 2, 3, 4 என்று வரிசை. பத்தாம் நம்பர் ஸ்பேனரால் இரண்டாம் காயிலின் போல்ட்டைக் கழற்றி, கனெக்டரின் கொக்கியை அழுத்தி விடுவித்து, மெல்லத் திருகி மேலே இழுத்தேன்.

குழிக்குள் ஈரம் மினுங்கியது. மழைத் தண்ணீர் எப்படியோ இறங்கியிருக்கிறது. காயிலின் கீழே நீண்டிருக்கும் கறுப்பு ரப்பரைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பினேன். பக்கவாட்டில், முடி அளவுக்கு மெலிந்த ஒரு சாம்பல் கோடு மேலிருந்து கீழே ஓடியது. பிளக்கின் முனையில் தாவ வேண்டிய மின்பொறி, ஈரத்தின் வழியே சுவரில் பாய்ந்து எரித்துவிட்டுப் போன தடம் அது.

ஆனாலும் கண்ணை மட்டும் நம்பவில்லை. குழியைத் துணியால் துடைத்து உலர்த்தினேன். இரண்டாம் காயிலை மூன்றாம் சிலிண்டரிலும், மூன்றாவதை இரண்டிலும் மாற்றிப் பொருத்தினேன். பழைய குறியீட்டையும் உறைந்த படத்தையும் நோட்டில் எழுதிக்கொண்ட பிறகு அழித்தேன். வீட்டருகே இருக்கும் மேம்பாலத்தில் ஒருமுறை ஏறினேன். பாதியில் வண்டி குலுங்கியதும் காலை எடுத்து, இறங்கி வந்து ஸ்கேனரைப் பார்த்தேன். காத்திருப்புப் பட்டியலில் ஒரு குறியீடு: பி0303.

கோளாறு காயிலோடு சேர்ந்து நகர்ந்துவிட்டது! ஒன்றை மட்டும் மாற்று, மற்றவை அப்படியே இருக்கட்டும், விளைவு எங்கே போகிறது என்று பார். பள்ளி ஆய்வகத்தில் சொல்லிக்கொடுத்த அதே முறை. ஒருவேளை பி0302 என்றே வந்திருந்தால் காயில் நிரபராதி; அடுத்து பிளக்கை இப்படி மாற்றிப் பார்க்க வேண்டும். அதுவும் நகராவிட்டால் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று போகும். அந்தக் கட்டத்தில் நல்ல மெக்கானிக்கிடம் போய்விடுவது நல்லது. ஆனால் கையில் ஒரு நோட்டோடு போவோம்.

குறியீடு காட்டுவது இடத்தை

குறியீட்டைப் படித்ததும் பலர் செய்யும் தவறு, அதில் பெயர் வந்த உறுப்பை உடனே வாங்கி மாற்றுவது. குறியீடு நோயைச் சொல்வதில்லை, வலிக்கும் இடத்தைச் சொல்கிறது. பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம். ஆக்சிஜன் சென்சார் அதைக் கண்டு சொன்ன சாட்சி மட்டுமே. குற்றவாளி விரிசல் விட்ட ஒரு சிறு ரப்பர் ஹோஸாக இருக்கலாம். ஐடிலில் காது கொடுத்துக் கேட்டால் 'ஸ்ஸ்' என்று காற்று உறிஞ்சும் ஓசையே கேட்கும். பி0420 என்றால் கன்வெர்ட்டரின் திறன் குறைவு. விலையுயர்ந்த உறுப்பு அது. மாற்றுவதற்கு முன் மிஸ்ஸிங் ஏதும் அதைக் கெடுத்ததா, புகைக்குழாயில் கசிவு உண்டா என்று பார்க்காவிட்டால் புதியதும் கெட்டுப்போகும். பி0135 என்பது ஆக்சிஜன் சென்சாரைச் சூடாக்கும் சுற்றில் கோளாறு. சென்சாரே போயிருக்கலாம், ஃபியூஸ் போயிருக்கலாம், நம் ஊரில், ராத்திரி பானெட்டுக்குள் கதகதப்புக்குப் படுத்த எலி வயரைக் கடித்திருக்கலாம். முதலில் கண்ணால் பாருங்கள்: வயர், கனெக்டர், ஹோஸ். செலவில்லாத சோதனைகளை முடித்த பிறகே செலவுள்ளவை.

யார் அணைக்க வேண்டும்?

அழிக்கும் பொத்தானை அழுத்தினால் விளக்கு மட்டும் அணைவதில்லை. குறியீடு, உறைந்த படம், புகைத்தடுப்பு உறுப்புகளைப் பற்றிக் கணினி செய்து முடித்த சோதனைகளின் முடிவுகள் எல்லாம் சேர்ந்து போகின்றன. பேட்டரி முனையைக் கழற்றி மாட்டினாலும் பெரும்பாலும் இதே கதிதான். பிறகு பல நாள் ஓட்டத்தில் எல்லாச் சோதனையையும் கணினி முதலிலிருந்து செய்ய வேண்டும். பழைய கார் வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விளக்கு எரியவில்லை, ஆனால் ஸ்கேனரில் சோதனைகள் 'முடியவில்லை' என்று வரிசையாக வந்தால், யாரோ சமீபத்தில் அழித்திருக்கிறார்கள்.

கணினிக்குத் தானே அணைக்கவும் தெரியும். பெரும்பாலான கோளாறுகளை அது ஒருமுறை கண்டதும் கூச்சல் போடுவதில்லை. காத்திருப்பில் வைத்து, அடுத்த ஓட்டத்திலும் கண்டால்தான் விளக்கை ஏற்றுகிறது. அதே நிதானத்தோடு, தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் கோளாறு இல்லையென்றால் விளக்கை அணைக்கிறது. குறியீட்டின் நினைவை மட்டும் சுமார் 40 முறை என்ஜின் சூடாகி ஆறும்வரை வைத்திருக்கிறது.

ஆகவே புதிய காயிலை வாங்கிப் பொருத்தி, குழியின் மேல்மூடி ரப்பரையும் மாற்றிய பிறகு, நான் அழிக்கும் பொத்தானைத் தொடவில்லை. அதற்குள் நிலையாகவே எரிய ஆரம்பித்திருந்த விளக்கோடு மூன்று நாள் அதே மேம்பாலத்தில் ஏறி இறங்கினேன். குலுக்கல் இல்லை. நான்காம் நாள் காலை ஸ்டார்ட் செய்தபோது, எல்லா விளக்குகளும் ஒரு நொடி மின்னி மறைந்தன. ஆரஞ்சு விளக்கும் கூடவே மறைந்தது. என் பேச்சைக் கேட்டு அணைந்ததல்ல அது. மூன்று நாள் என் வண்டியின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு அணைந்தது. பின்னால் ஸ்கூட்டரில் வருபவருக்கும் சேர்த்து அது தந்த நற்சான்றிதழ் என்றே அதை எடுத்துக்கொண்டேன்.