கருந்துளையைச் சேர்த்த பிறகே கணக்கு நேரானது

இரண்டு விண்மீன் திரள்கள் மோதினால் என்ன ஆகும்? வானத்தைப் பார்த்துக்கொண்டே காத்திருக்க முடியாது. ஒரு மோதல் முடிய நூறு கோடி ஆண்டுகள்கூட ஆகலாம்.

சுவீடன் நாட்டு வானியலாளர் எரிக் ஹோல்ம்பெர்க் 1941-இல் இதற்கு மின்விளக்குகளைத் துணைக்கு எடுத்துக்கொண்டார். திரளுக்கு 37 வீதம் மொத்தம் 74 விளக்குகள். தூரம் இரண்டு மடங்கானால் ஈர்ப்பு விசை நான்கில் ஒரு பங்காகும். ஒளியும் அப்படித்தான் குறையும். விளக்கு இருந்த இடத்தில் ஒளிமின்கலத்தை வைத்து, எந்தப் பக்கமிருந்து எவ்வளவு ஒளி வருகிறது என்று அளந்தார். அதையே ஈர்ப்பாகக் கொண்டு விளக்கை நகர்த்தினார். பிறகு மறுபடி அளந்தார். கணினி கைக்கு வராத காலத்தில் இப்படியொரு யோசனை தோன்றியதை எண்ணி இன்றும் வியக்கிறேன்.

1972-இல் அலார் டூம்ரே, யூரி டூம்ரே சகோதரர்கள் இதைக் கணினியில் செய்தார்கள். மோதும் திரள்களிலிருந்து நீளும் வால்கள் ஈர்ப்பின் வேலைதான் என்று காட்டினார்கள். 1977-இல் அலார் இன்னும் ஒரு படி மேலே போனார்: இரண்டு சுருள் திரள்கள் மோதி ஒன்றானால் நீள்வட்டத் திரள் பிறக்கும் என்றார். தட்டு வடிவில் ஒழுங்காகச் சுற்றிய விண்மீன்கள், கூடு கலைந்த தேனீக்களாய் எல்லாத் திசைகளிலும் பறக்கத் தொடங்கும்.

வடிவம் சரியாக வந்தது, நிறம் வரவில்லை. நிஜமான நீள்வட்டத் திரள்களில் பெரும்பாலும் கிழட்டு விண்மீன்கள்தான், அதனால் அவை செந்நிறமாகத் தெரியும். கணினியிலோ வாயு குளிர்ந்து நடுவில் விழுந்து புது விண்மீன்களைப் பெற்றுக்கொண்டே இருந்தது. திரள் நீலமாகி, அளவுக்கு மீறிக் கனத்தது.

2005-இல் டிசியானா டி மாட்டியோ, ஃபோல்கர் ஸ்பிரிங்கல், லார்ஸ் ஹெர்ன்குவிஸ்ட் மூவரும் திரள்களின் நடுவே கருந்துளைகளை வைத்தார்கள். மோதலில் உள்ளே பாயும் வாயுவைக் கருந்துளை விழுங்கும்போது பெரும் ஆற்றல் ஒளியாக வெளிப்படும். அதில் 5 சதவீதம் சுற்றியுள்ள வாயுவைச் சூடாக்கினாலே போதும்: வாயு வெளியே வீசப்பட்டு, விண்மீன் பிறப்பு அடங்கிவிடுகிறது.

ஆனால் அந்த 5 சதவீதம் அடிப்படை இயற்பியலிலிருந்து கிடைத்த எண் அல்ல. வானில் பார்த்ததோடு ஒத்துப்போகும்படி தேர்ந்தெடுத்தது. இத்தகைய கணினி உருவகங்களின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது. சுமார் 35 கோடி ஒளியாண்டு அகலமுள்ள கனசதுரத்தைக் கணக்கிட்ட ‘இல்லஸ்டிரிஸ்’ (2014) உருவகத்தில் கருந்துளையின் சீற்றம் மிஞ்சிப்போய், திரள் குழுக்களில் தங்கவேண்டிய வாயுவும் வெளியேறிவிட்டது. அடுத்து வந்த ‘இல்லஸ்டிரிஸ் டிஎன்ஜி’யில் கருந்துளை ஆற்றலை வெளிவிடும் விதியையே மாற்றி எழுதினார்கள்.

இரண்டின் தரவுகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பைத்தான் நிரல்மொழி தெரிந்த இயற்பியல் மாணவர்கள் பதிவு செய்து இறக்கிப் பார்க்கலாம். ஆசிரியர்கள் இதைக் கல்லூரித் திட்டப்பணியாகவே கொடுக்க வேண்டும்.