தலையணைக்கு ஓர் ஆடை

சண்டிலிப்பாய், மானிப்பாய், பண்டத்தரிப்பு ஆகிய நமது ஊர்களிலே பழைய வீடொன்றின் விறாந்தையை எட்டிப் பார்த்தால், வெளிச்சம் விழும் யன்னலோரத்தில் காலால் மிதிக்கும் தையல் இயந்திரம் ஒன்று நிற்கக் காணலாம். அதன்மேல் ஒரு விரிப்பு. விரிப்பின்மேல் ஒரு பூச்சாடி. இயந்திரம் மேசையாகிப் பல காலமாயிற்று. அந்த விரிப்பை எடுத்துவிட்டு, எண்ணெய் விட்டு, தோற்பட்டியைச் சரிசெய்து அதனை மறுபடியும் ஓடவைக்க ஒரு காரணம் வேண்டுமன்றோ? தலையணை உறை நல்ல காரணம் என்பது நமது எண்ணம்.

சட்டை தைக்கப் புகுவோர் கழுத்திலும் கையிலும் இடறுவர். தலையணை உறையிலோ எல்லாம் நேர்கோடு. மனைப்பொருளியல் படிக்கும் மாணவியர் முதன்முதலில் முழுமையாகத் தைத்து முடிக்கக்கூடிய பொருள் இதுவே. வெறும் பையாகத் தைத்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நாம் இங்கு கூறப்போவது சற்றே அலங்காரமான வகை: முகப்பு மூன்றடுக்காகத் தைக்கப்பட்டு, சுற்றிவரச் சுருக்குக் கரை வைத்த உறை. சுருக்குக் கரையைப் பேச்சுவழக்கில் ‘பிறில்’ என்கிறோம். பகலில் கட்டிலை அழகுசெய்வதற்கென்றே வைக்கப்படும் இத்தகைய மேலுறையை ஆங்கிலேயர் ‘ஷாம்’ என்பர். அச்சொல்லுக்குப் ‘போலி’ என்பது பொருள். பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். கழுவித் துவைத்து இரவிலும் பயன்படுத்தக்கூடிய உண்மையான உறையாகவே இதனைத் தைக்கலாம்.

நமது பகுதிக்கும் தையற் கல்விக்கும் உள்ள தொடர்பு நெடியது. அண்மையிலுள்ள உடுவிலில் அமெரிக்க மிஷனரிமார் 1824ஆம் ஆண்டில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினர். அதனை முதலில் நடத்தியவர் ஹரியற் வின்சிலோ அம்மையார்; 1862இல் பெரிய தமிழ் – ஆங்கில அகராதியை வெளியிட்ட மைரன் வின்சிலோவின் மனைவியார். எழுத்தும் கணக்கும் பெண்களுக்கு எதற்கு என்று ஊரார் கேட்ட அந்நாளில், ஊசியும் நூலும் அப்பாடசாலையின் பாடங்களுள் ஒன்றாக இருந்தன. துணி அடுக்குகளைச் சேர்த்துத் தைத்துக் குளிருக்குப் போர்த்தும் வழக்கமுள்ள வட அமெரிக்காவிலிருந்து வந்தவர் அந்த அம்மையார். 1840இல் வந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அங்கே பணியாற்றிய எலைசா அக்னியூ அம்மையாரை ‘ஆயிரம் பெண்மக்களின் தாய்’ என்றே வழங்கினர்.

தையல் இயந்திரம் பின்னரே வந்தது. ஐசாக் சிங்கர் தம் இயந்திரத்துக்கு 1851இல் காப்புரிமை பெற்றார். சிங்கர் நிறுவனம் 1877ஆம் ஆண்டிலேயே இலங்கையில் கால் வைத்துவிட்டது. தவணைமுறையில் பணம் கட்டலாம் என்ற ஏற்பாடு, நடுத்தரக் குடும்பங்களும் அதனை வாங்கக் காரணமாயிற்று. 1930இல் லங்கா மகிளா சமிதியை நிறுவிய வைத்தியர் மேரி இரத்தினம் அம்மையாரையும் இவ்விடத்தில் நினைக்க வேண்டும். கனடாவிற் பிறந்து தமிழரொருவரை மணந்து இந்நாட்டவராகவே வாழ்ந்த அவர், கிராமப் பெண்கள் ஒன்றுகூடி உடல்நலமும் இல்லக் கலைகளும் பயில வழிசெய்தார். 1958இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

துணி அடுக்கித் தைப்பதைக் குளிர்நாட்டாரின் கலை என்று எண்ணுவோர் வங்காளத்தை மறந்துவிடுகின்றனர். அங்கே பழைய சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, சேலைக் கரையிலிருந்தே உருவிய நூலால் ஓட்டுத்தையல் இட்டுக் ‘காந்தா’ என்னும் மெல்லிய போர்வை செய்வர். வடமொழியிற் ‘கந்தா’ என்பது ஒட்டுப்போட்ட துணி. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று நாம் கூறும்போது வரும் ‘கந்தை’யும் அதுவே. வங்கத்துப் பெண்கள் அக்கந்தையைக் கலைப்பொருளாக்கினர். பதினாறாம் பதினேழாம் நூற்றாண்டுகளில் போர்த்துக்கேயர் வங்காளத்தில் பட்டுநூலால் தைப்பித்துக் கப்பலேற்றிய அடுக்குப் போர்வைகள் இன்று ஐரோப்பிய அரும்பொருட்சாலைகளில் இருக்கின்றன. அதே போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றி, 1658இல் ஒல்லாந்தரிடம் இழந்து போயினர். போனவர்கள் சில சொற்களை இங்கே விட்டுச் சென்றனர். றேந்தை என்கிறோமே, அது அவர்களுடைய சொல்.

இனி வேலைக்கு வருவோம்.

துணி பருத்தியாக இருக்கட்டும். மினுமினுக்கும் செயற்கைப் பட்டுத் துணியில் சுருக்கு அழகாக விழும் என்பது மெய்யே. ஆயினும் நமது பங்குனி, சித்திரை வெயிலில் அதன்மேல் தலை வைத்தவர் நள்ளிரவில் எழுந்து உட்கார நேரும். முகப்புக்கும் கரைக்கும் பூப்போட்ட சீத்தை அல்லது மெல்லிய பொப்பிளின் ஏற்றது. நடு அடுக்குக்குப் பலமுறை துவைத்து நைந்த நூற்சேலை. அடி அடுக்குக்குப் பழைய வேட்டி. கடைகளில் விற்கும் செயற்கைப் பஞ்சுத் தகட்டை நடுவில் வைத்தால் உறை உப்பலாகத் தோன்றும். ஆனால் வியர்வையை உறிஞ்சாது. அம்மாவின் பழைய சேலையொன்று பெட்டிக்குள் இருக்குமானால் அதனைவிடச் சிறந்த நடு அடுக்கு வேறில்லை. உடுத்த முடியாமலும் எறிய மனமில்லாமலும் இருக்கும் துணிக்கு இது தக்க இடம்.

கோடித் துணியை வெட்டுமுன் ஒருநாள் நீரில் ஊறவைத்துக் கஞ்சிப்பசை போக அலசி, உலர்த்தி, ஸ்திரிக்கை போட வேண்டும். இதனைச் செய்யாவிட்டால் முதற்சலவையில் முகப்புச் சுருங்கும், பழஞ்சேலை சுருங்காது. உறை முழுவதும் கோணிக்கொள்ளும்.

உங்கள் தலையணையை முதலில் அளந்துகொள்ளுங்கள். அகலம் 18 அங்குலம், நீளம் 27 அங்குலம் என்று வைத்துக்கொண்டு கணக்கைச் சொல்கிறோம். 45 அங்குல அகலத் துணியில் 63 அங்குல நீளம் தேவை. சுருங்குவதற்கும் சேர்த்து 1¾ மீற்றர் வாங்கினாற் போதும். முகப்பு 20க்கு 29 அங்குலம். பின்புறத்துக்கு 19 அங்குல உயரத்தில் இரண்டு துண்டுகள்: ஒன்று 24 அங்குல அகலம், மற்றது 12. கரைக்கு 6 அங்குல அகலமாக, துணியின் முழு அகலத்துக்கும் நான்கு பட்டிகள்.

பின்புறத் துண்டுகளை ஏன் சமமாக வெட்டவில்லை என்று கேட்கலாம். சமமாக வெட்டினால் தலையணையை நுழைக்கும் வாய் நடுவில் வரும்; அதன் தடித்த மடிப்புக் கன்னத்தில் உறுத்தும். ஒன்றைப் பெரிதாக வெட்டினால் வாய் ஓரத்துக்குப் போய்விடுகிறது. பகலில் முகப்பு மேலே. இரவில் உறையைத் திருப்பிப் போட்டால், கன்னத்துக்குக் கிடைப்பது ஒற்றையடுக்கான குளிர்ந்த பருத்தித் துணி. கரையும் கீழ்ப்பக்கம் சாய்ந்துவிடும்.

முகப்புத் துணியில் மூலைக்கு மூலை சாய்வாக, 2 அங்குல இடைவெளியில் தையற்காரரின் சுண்ணக்கட்டியால் கோடுகள் இடுக. எதிர்ச்சாய்விலும் அவ்வாறே இட்டால் சாய்சதுரக் கட்டங்கள் கிடைக்கும். வேட்டித் துணியைக் கீழே விரித்து, அதன்மேல் சேலைத் துணி, அதன்மேல் முகப்பு என்று சுருக்கமின்றி அடுக்கி, ஊசிநூலால் பெரிய தையலாக எங்கும் இழையோட்டிக்கொள்ளுங்கள். இவ்வேலையிற் பொறுமை குறைந்தால் பின்னால் என்ன செய்தும் சரிவராது. பிறகு நடுக்கோட்டில் தொடங்கி வெளிப்புறமாகத் தையுங்கள். ஓரத்தில் தொடங்கினால் துணி நடுவில் தள்ளுண்டு கொப்புளம்போல் எழும்பும். இயந்திரத்தில் 14ஆம் இலக்க ஊசியைப் போட்டு, அங்குலத்துக்கு எட்டு அல்லது ஒன்பது தையல் விழுமாறு வைத்துக்கொள்க. தைத்தபின் அடுக்கு சற்றுச் சுருங்கியிருக்கும். அதனாலேயே முகப்பைப் பெரிதாக வெட்டச் சொன்னோம். இப்போது 19க்கு 28 அங்குலமாகச் சீர்செய்துகொள்ளலாம்.

சுருக்குக் கரையே பலரையும் அச்சுறுத்துவது. உறையின் சுற்றளவு 90 அங்குலம். நான்கு பட்டிகளையும் வளையமாக இணைத்தால் 176 அங்குலம் கிடைக்கும். ஏறத்தாழ இரண்டு மடங்கு. நல்ல சுருக்கு வர அதுவே அளவு. வளையத்தை நீளவாக்கில் இரண்டாக மடித்து ஸ்திரிக்கை போட்டால் 3 அங்குல அகலமாகும். ஓரம் அடிக்கும் வேலை மிச்சம். திறந்த ஓரத்திலிருந்து கால் அங்குலத்தில் ஒரு வரியும், அதற்குச் சற்று உள்ளே மற்றொரு வரியும் ஆக மிக நீண்ட தையல் இரண்டு போடுக. நுனி நூலை முடிச்சிடாமல் விட்டு, அடிநூல் இரண்டையும் சேர்த்து மெல்ல இழுத்தால் துணி சுருங்கி வரும். ஒரே வரியாகப் போட்டு இழுப்போர், பாதியில் நூல் அறுந்து மறுபடியும் தொடங்குவர்.

வளையத்தை நான்கு சம பாகமாக்கி அடையாளமிடுங்கள். அவ்வடையாளங்கள் உறையின் நான்கு மூலைகளிலும் வரவேண்டும் என்று எண்ணுவது இயல்பு. அப்படிச் செய்தால் குறுகிய பக்கத்தில் சுருக்கு நெருங்கியும் நீண்ட பக்கத்தில் ஐதாகவும் போய்விடும். நான்கு பக்கங்களின் நடுப்புள்ளிகளில் வைத்துக் குண்டூசி குத்துங்கள். ஒரு நடுப்புள்ளியிலிருந்து அடுத்ததற்கு எப்பக்கம் அளந்தாலும் 9உம் 13½உம் சேர்ந்து 22½ அங்குலந்தான். மூலைகளில் மட்டும் சற்று அதிகமாகச் சுருக்கை ஒதுக்கிவிட வேண்டும். இல்லையேல் கரை அங்கே விரியாமல் உள்வாங்கி நிற்கும்.

கரையை முகப்பின் நல்ல பக்கத்தில் உள்நோக்கிக் கிடத்தி இழையோட்டிய பின், பின்புறத் துண்டுகளின் வாயோரங்களை மடித்துத் தைத்து, நல்ல பக்கம் கீழாகப் போட்டு, ஒன்றன்மேல் ஒன்று 5 அங்குலம் ஏறுமாறு வைத்து, சுற்றிவர அரை அங்குலத்தில் தைத்துவிடுக. வாய் வழியாகப் புரட்டினால் உறை தயார். தெறியும் வேண்டாம், நாடாவும் வேண்டாம்.

உள்ளே இலவம்பஞ்சுத் தலையணை இருக்குமானால், நெருக்கமாக நெய்த துணியால் அதற்கு உட்பை இருத்தல் அவசியம். இலவம்பஞ்சு மிக நுண்ணியது, ஐதான நெசவினூடே வெளியே வந்துவிடும். தலையணையை வாரம் ஒருமுறை வெயிலிற் காயவைப்பதும் உறையை வெந்நீரிற் கழுவுவதும் தும்மல், இழுப்பு உள்ள பிள்ளைகளுக்கு நல்லது. சுருக்கும் அடுக்கும் உள்ள உறை தூசியை அதிகம் பிடிக்கும் என்பதை மறைப்பதற்கில்லை. சலவைக்குச் சோம்புவோர் வெற்று உறையோடு நிற்பதே மேல்.

இயந்திரமில்லாதவரும் இதனைக் கையால் தைக்கலாம். அதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்த்தோம். முகப்பிலுள்ள சாய்கோடுகளை ஒன்றாகச் சேர்த்தால் ஏறத்தாழ 580 அங்குலம். அங்குலத்துக்கு எட்டுத் தையல் என்றால் 4,600க்கு மேல். ஓர் அங்குலத்துக்கு 20 விநாடி என்று வைத்தாலும், முகப்புக்கு மட்டும் மூன்று மணி நேரத்துக்கு மேலாகும். வெட்டுதல், இழையோட்டுதல், கரை, சேர்த்தல் என்பன தனி.

இக்கணக்கை நாம் எழுதுவதற்கு ஒரு காரணமுண்டு. நமது பகுதியில் தையலை நம்பிக் குடும்பத்தைக் கொண்டு நடத்திய பெண்கள் பலர். 1990க்குப் பின் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் அற்றுப்போன ஆண்டுகளிலும், 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீடித்தபோதும், மிதி இயந்திரம் நின்றதில்லை. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது விட்டுச் செல்ல நேர்ந்த பொருள்களுள் மிதி இயந்திரமும் ஒன்று. கழற்றி எடுத்தாலும் சுமந்து செல்லக்கூடிய பாரமன்று அது. அத்தகைய இயந்திரத்தில் தைத்த உறையை அயலார் விலைக்குக் கேட்கும்போது, துணிக்கும் நூலுக்கும் கொடுத்ததைச் சொல்லி அதன்மேல் சிறு தொகை வைத்துக் கொடுப்பதே நம் பெண்களின் வழக்கம். வீட்டில் சும்மா இருந்த நேரந்தானே என்பர். அந்நேரம் சும்மா இருந்ததன்று. உறையொன்று முடிய எத்தனை மணி நேரம் சென்றது என்பதை முதல் உறையிலேயே கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துவையுங்கள். ஒரு நாட்கூலியை எட்டால் வகுத்து, வரும் தொகையை அம்மணி நேரத்தாற் பெருக்கித் துணி விலையோடு கூட்டுங்கள். அவ்விலைக்கு வாங்குவார் இல்லையெனின், விற்பனைக்கு வெற்று உறையையே தைப்பது புத்தி. சுருக்குக் கரை வைத்ததை உங்கள் கட்டிலுக்கும், மணமாகிப் போகும் மகளின் பெட்டிக்கும் வைத்துக்கொள்ளலாம். கடையில் குவித்து விற்கும் மலிவான உறையோடு போட்டியிட்டுக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

துவைத்த உறையை முறுக்கிப் பிழியாமல் அழுத்தி நீரெடுத்து, நிழலில் உலர்த்துக. சுருக்குக்கு ஸ்திரிக்கை போடும்போது வெளியோரத்திலிருந்து தையலை நோக்கிப் பெட்டியின் மூக்கைச் செலுத்த வேண்டும். சுருக்கின்மேல் அப்படியே அழுத்தினால் மடிப்புக்கள் படிந்து கசங்கிவிடும். அலுமாரியில் வைக்கும்போது உலர்ந்த வேப்பிலை சிறிது இட்டு வைக்கலாம்.

வெட்டியதுபோக 16க்கு 20 அங்குலத் துண்டொன்றும், 9க்கு 19 அங்குலத் துண்டொன்றும் மிஞ்சியிருக்கும். பெரியதை இரண்டாக மடித்தால் கைக்குழந்தையின் தலையணைக்கு ஓர் உறை. சிறியதை மூன்று பட்டியாகக் கிழித்தால் அதன் இரு முனைகளுக்கும் சுருக்குக் கரை.