பக்கவாதம்: மூளைக்குள் நடப்பது என்ன?

காலை மணி ஏழு. பாட்டி இடக்கையில் தட்டை ஏந்தியபடி வலக்கையால் இட்லியை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார். திடீரெனத் தட்டு நழுவித் தரையில் விழுகிறது. ஓடிவந்த பேத்தி, "என்ன ஆச்சு, பாட்டி?" என்று கேட்கிறாள். "ஒன்னுமில்லம்மா, கொஞ்ச நேரம் படுத்தா சரியாயிடும்," என்கிறார் பாட்டி. ஆனால், அவருடைய பேச்சு குழறுகிறது. வாயின் இடப்பக்கம் சற்றுத் தொங்கியிருக்கிறது.

பாட்டிக்கு வலி இல்லை. அதனால், ஓய்வெடுத்தால் போதும் என்று அவர் நினைக்கிறார். உண்மையில், அவருடைய மூளையில் உயிரணுக்கள் இறக்கத் தொடங்கிவிட்டன. அவை ஏன் இறக்கின்றன? எவ்வளவு விரைவாக இறக்கின்றன? அவற்றுள் எவற்றைக் காப்பாற்ற முடியும்? இவற்றைத் தெரிந்துகொண்டால், பேத்தி அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது நமக்கே விளங்கும்.

சேமிப்பு இல்லாத உறுப்பு

வளர்ந்தவர் ஒருவரின் மூளை ஏறத்தாழ 1.4 கிலோகிராம் எடை கொண்டது. உடல் எடையில் அது சுமார் 2 விழுக்காடுதான். ஆனால், நாம் ஓய்வாக இருக்கும்போது உடல் பயன்படுத்தும் உயிர்வாயுவில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை மூளை எடுத்துக்கொள்கிறது. இவ்வளவு செலவு செய்யும் மூளையிடம் சேமிப்பு என்பது மிகக் குறைவு. தசைகள் ஓரளவு சர்க்கரையைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். மூளையோ, ஒவ்வொரு நொடியும் இரத்தம் கொண்டுவரும் உயிர்வாயுவையும் குளுக்கோஸையும் நம்பியே வாழ்கிறது. அன்றாடம் கடைக்குச் சென்று அந்த வேளைச் சமையலுக்கு மட்டும் பொருள் வாங்கும் வீட்டைப் போன்றது அது. கடை மூடப்பட்டால் அடுப்பு எரியாது.

அந்த இரத்த ஓட்டம் தடைபடுவதைத்தான் பக்கவாதம் என்கிறோம். மூளையின் இரத்தக் குழாய் வெடித்து இரத்தம் கசிவதாலும் பக்கவாதம் ஏற்படலாம். எனினும், பெரும்பாலான நோயாளிகளுக்கு இரத்தக் கட்டி ஒன்று குழாயை அடைத்துக்கொள்வதே காரணம். நம் பாட்டிக்கும் அதுதான் நேர்ந்தது. மூளையின் வலப்பாதி உடலின் இடப்பக்கத்தை இயக்குகிறது. வலப்பாதிக்குச் செல்லும் குழாய் அடைபட்டதால் அவருடைய இடக்கை வலுவிழந்தது. மூளைக்கு வலியை உணரும் ஆற்றல் கிடையாது. ஆகவே, அதன் உயிரணுக்கள் இறக்கும்போதுகூட அவருக்கு வலிக்கவில்லை.

நரம்பணு இறக்கும் விதம்

மூளையில் உள்ள நரம்பணு ஒவ்வொன்றையும் சிறு கசிவுள்ள படகாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். படகுக்குள் நீர் புகுந்துகொண்டே இருக்கும். அதை இடைவிடாமல் இறைத்து வெளியேற்றினால்தான் படகு மிதக்கும். அதுபோலவே, நரம்பணுவுக்குள் சோடியம் எப்போதும் புகுந்துகொண்டிருக்கும். அதை வெளியேற்றும் நுண்ணிய இறைப்பான்கள் நரம்பணுவின் சுவரில் உள்ளன. நரம்பணு செலவிடும் ஆற்றலில் பெரும்பங்கு இந்த வேலைக்கே போகிறது.

இரத்தம் நின்றுவிட்டால் சில நிமிடங்களில் ஆற்றல் தீர்ந்துபோகும். இறைப்பான்கள் நின்றுவிடும். சோடியம் உள்ளே பெருகும். அதைத் தொடர்ந்து நீரும் புகும். நரம்பணு வீங்கும்.

பாதிப்பு அதனோடு முடிவதில்லை. நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் வேதிப்பொருள்களுள் ஒன்று குளூட்டமேட். வழக்கமாக அது சிறிதளவே வெளிவரும். உடனே திரும்ப எடுத்துக்கொள்ளப்படும். ஆற்றலிழந்த நரம்பணுவோ அதனை அளவின்றிக் கொட்டிவிடுகிறது. அந்தக் குளூட்டமேட், பக்கத்து நரம்பணுக்களின் வாயில்களைத் திறந்துவிடுகிறது. அவற்றுள் கால்சியம் வெள்ளமெனப் பாய்கிறது. மிகுந்த கால்சியம், உயிரணுவுக்குள் உள்ள நொதிகளைத் தூண்டிவிடும். உணவைச் செரிக்கும் நொதிகளைப் போலவே, இவை உயிரணுவின் புரதங்களையும் சுவரையும் சிதைக்கின்றன. இவ்வாறு, இறக்கும் நரம்பணு தன் அண்டை நரம்பணுக்களையும் இழுத்துக்கொண்டு போகிறது.

இறந்தவையும் உறங்குபவையும்

அடைபட்ட குழாயை மட்டுமே நம்பியிருந்த நடுப்பகுதியில் உள்ள நரம்பணுக்கள் சில நிமிடங்களில் இறந்துவிடும். அவற்றை எந்த மருத்துவராலும் மீட்க முடியாது. ஆனால், அதைச் சுற்றியுள்ள பகுதிக்கு அருகிலுள்ள வேறு குழாய்களிலிருந்து கொஞ்சம் இரத்தம் கிடைக்கும்.

அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்பதுதான் முக்கியம். நலமான மூளையில் ஒவ்வொரு 100 கிராமுக்கும் நிமிடத்திற்கு ஏறத்தாழ 50 மில்லிலிட்டர் இரத்தம் பாய்கிறது. அது சுமார் 20 மில்லிலிட்டருக்குக் கீழே குறைந்தால் நரம்பணுக்கள் வேலையை நிறுத்திவிடுகின்றன. ஆனால், உயிரோடு இருக்கின்றன. சுமார் 10 மில்லிலிட்டருக்கும் கீழே சென்றால்தான் அவை விரைவில் இறக்கின்றன. இந்த இரண்டு அளவுகளுக்கும் இடையில் தவிக்கும் பகுதிக்கு, 1970களில் ஆய்வாளர்கள் 'அரைநிழல்' என்னும் பொருள்படும் பெயரைச் சூட்டினர். கிரகணத்தின்போது முழு இருளும் இல்லாமல் முழு ஒளியும் இல்லாமல் இருக்கும் பகுதியைப் போன்றது அது.

பாட்டியின் இடக்கை அசையாமல் போனதால், அந்தக் கையை இயக்கும் நரம்பணுக்கள் அனைத்தும் இறந்துவிட்டன என்று பொருளன்று. பல நரம்பணுக்கள் உறங்கிக்கொண்டிருக்கலாம். இரத்தம் மீண்டும் வந்தால் அவை விழித்துக்கொள்ளும். வராவிட்டால், நடுப்பகுதியின் இறப்பு சில மணி நேரத்தில் அவற்றையும் எட்டிவிடும்.

காலமே மூளை

இந்த இழப்பு எவ்வளவு விரைவானது? அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006ஆம் ஆண்டில் அதனைக் கணக்கிட்டார். மூளையின் பெரிய குழாய் ஒன்று அடைபட்டு, சிகிச்சை கிடைக்காவிட்டால், சராசரியாக நிமிடத்திற்கு 1.9 மில்லியன் நரம்பணுக்கள் அழிகின்றன என்பது அவர் கண்ட விடை. பாட்டி பத்து நிமிடம் படுத்திருந்தால் 19 மில்லியன் நரம்பணுக்கள் போய்விடக்கூடும். "காலம் பொன் போன்றது" என்பது பழமொழி. "காலமே மூளை" என்கிறார்கள் பக்கவாத மருத்துவர்கள்.

மருத்துவமனையில் முதலில் மூளையை ஸ்கேன் செய்து, அடைப்பா, இரத்தக்கசிவா என்று பார்ப்பார்கள். அடைப்பு என்றால், கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக 4.5 மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். பெரிய குழாயில் அடைப்பு இருந்தால், தொடைப் பகுதியின் இரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழலைச் செலுத்திக் கட்டியை வெளியே எடுப்பதும் உண்டு. உறங்கும் பகுதி இன்னும் எஞ்சியிருப்பது ஸ்கேனில் தெரிந்தால், சிலருக்கு 24 மணி நேரம்வரைகூட இதைச் செய்கிறார்கள். ஆனால், காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடத்திலும் காப்பாற்றக்கூடிய பகுதி சுருங்கிக்கொண்டே போகும்.

நாம் செய்ய வேண்டியது

மூன்றைக் கவனியுங்கள்: முகம், கை, பேச்சு. சிரிக்கச் சொன்னால் வாய் ஒருபக்கம் தொங்குகிறதா? இரு கைகளையும் உயர்த்தச் சொன்னால் ஒன்று கீழே இறங்குகிறதா? பேச்சு குழறுகிறதா? இவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் உடனே 995ஐ அழையுங்கள். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளுள் அதுவும் ஒன்று. விழுங்க முடியாமல் புரையேறக்கூடும் என்பதால் உணவோ நீரோ கொடுக்காதீர்கள். மாத்திரையும் வேண்டாம், இரத்தக்கசிவாக இருந்தால் சில மருந்துகள் நிலைமையை மோசமாக்கிவிடும். அறிகுறிகள் சில நிமிடங்களில் மறைந்துவிட்டாலும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அது அடுத்து வரவிருக்கும் பக்கவாதத்தின் முன்னெச்சரிக்கையாக இருக்கலாம்.

பேத்தி பாட்டியைப் படுக்கைக்கு அழைத்துச் செல்லவில்லை. சுவரில் உள்ள கடிகாரத்தைப் பார்க்கிறாள். மணி 7.04. ஒரு கையால் பாட்டியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தொலைபேசியை எடுக்கிறாள். பாட்டியின் மூளையில் உறங்கிக்கொண்டிருக்கும் நரம்பணுக்களுக்கு இப்போது வேண்டியது ஓய்வன்று; இரத்தம். அது அவற்றைச் சென்றடைவதற்கான முதல் படி அந்த ஒரு தொலைபேசி அழைப்பு.