சக்கர வீட்டுக்குள் சின்னத்திரை

நம் ஊரில் கேரவன் என்றதும் படப்பிடிப்பில் நடிகர்களுக்காக நிற்கும் சொகுசு வண்டிதான் நினைவுக்கு வரும். பிரிட்டனில் அது நடுத்தரக் குடும்பங்களின் விடுமுறை வீடு. படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் அடங்கிய ஒரு சிறு அறையைக் காரின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். இந்தப் பழக்கத்துக்கு வயது அதிகம். 1885-இல் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற மருத்துவர் 'வாண்டரர்' என்ற குதிரை வண்டி வீட்டைச் செய்யச் சொல்லி அதில் ஊர் ஊராகச் சுற்றினார். 1907-இல் கேரவன்காரர்களுக்கென்று ஒரு சங்கமே உருவானது. இன்றும் அது இயங்கி வருகிறது.

காரால் இழுக்கப்படும் கேரவனுக்குள், வண்டி ஓடும்போது யாரும் உட்கார்ந்து வரக்கூடாது. ஆகவே டி.வி. என்பது முகாமில் வண்டியை நிறுத்தி, தேநீரும் குடித்து முடித்த பிறகு எழும் தேவை. அதுவும் மழை பிடித்துக்கொண்டால், ஏழரை அடி அகல அறைக்குள் பிள்ளைகளை வைத்துக்கொண்டு மாலைப் பொழுதைத் தள்ளுவது லேசான காரியமல்ல. தனியாக டி.வி. பெட்டி வைக்க இடமும் இல்லை; கேரவனில் ஏற்றும் எடைக்கும் வரம்பு உண்டு. எப்படியும் கூடவே வரும் லேப்டாப்பையே டி.வி. ஆக்கிக்கொள்வது இதனால்தான்.

பலரும் முதலில் நம்புவது இணையத்தை. பிபிசி தன் இணையவழி டி.வி. சேவையான ஐபிளேயரை 2007 கிறிஸ்துமஸ் அன்று தொடங்கியதிலிருந்தே, லேப்டாப் இருந்தால் போதும் என்ற எண்ணம் பரவிவிட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தால் கதை வேறு. நொடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் ஓடும் ஒரு நல்ல படம், மணிக்கு இரண்டேகால் ஜிபி டேட்டாவை விழுங்கும். தினம் மூன்று மணி நேரம் பார்த்தால் ஒரு வாரத்தில் 47 ஜிபி. முகாமின் வைஃபை இருக்கிறதே என்றால், மழை நாளில் எல்லாக் கேரவனும் ஒரே நேரத்தில் அதைத்தான் பிடித்து இழுக்கும். லேக் டிஸ்ட்ரிக்ட், வேல்ஸ் மலைப் பள்ளத்தாக்குகளில் செல்போன் சிக்னல் பேசுவதற்கே தடுமாறும் இடங்கள் உண்டு. செயற்கைக்கோள் வழி இணையம் தரும் ஸ்டார்லிங்க் 2022 முதல் பயணிகளுக்கென்று தனித் திட்டம் தருகிறது. வானம் திறந்த இடத்தில் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் மாதச் சந்தா கட்டவேண்டும். அந்தக் கருவிக்கும் மின்சாரம் வேண்டும்.

இத்தனைக்கும் நடுவில், காற்றில் இலவசமாக வந்துகொண்டிருக்கும் ஒன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது சாதாரண ஆன்டெனா ஒளிபரப்பு. பிரிட்டனில் அதன் பெயர் ஃப்ரீவியூ. 2002 அக்டோபரில் தொடங்கியது. பழைய அனலாக் ஒளிபரப்பு 2012-இல் முற்றிலும் நின்றபின் தரைவழி டி.வி. முழுவதும் டிஜிட்டலாகிவிட்டது. லேப்டாப்பில் இதைப் பார்க்க, யுஎஸ்பி துளையில் செருகும் கட்டைவிரல் அளவு டி.வி. டியூனர் போதும். விண்டோஸில் முன்பு இதற்கு உதவிய மீடியா சென்டர், 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது நீக்கப்பட்டது. அதனால் பெரும்பாலும் டியூனரோடு தரும் மென்பொருளைத்தான் இப்போது நம்பவேண்டும். டேட்டா ஒரு துளிகூடச் செலவாகாது.

டியூனரோடு ஒரு சாண் உயர ஆன்டெனாவும் வரும். அடியில் காந்தம் வைத்த மெல்லிய கம்பி. வாங்கியவர் ஏமாறுவது இங்கேதான். பல கேரவன்களின் வெளிச்சுவர் அலுமினியத் தகடு. உள்ளே வைத்தால் அந்தத் தகடு அலைகளை மறித்துவிடும். வெளியே கூரையில் வைக்கலாம் என்றால் அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. பழகியவர்கள் ஒரு பழைய பிஸ்கட் டின்னின் இரும்பு மூடியை எடுத்து, ஜன்னல் விளிம்பில் வைத்து, அதன் நடுவில் ஆன்டெனாவை நிறுத்துகிறார்கள். காந்தம் பிடித்துக்கொள்கிறது, அந்தத் தகடே கம்பிக்கு அடித்தளமாக நின்று சிக்னல் பிடிக்கவும் கைகொடுக்கிறது. ஒளிபரப்புக் கோபுரம் பக்கத்தில் இருந்தால் இவ்வளவே போதும். தொலைவென்றால் கூரை ஆன்டெனாவின் கேபிளை நேரே டியூனரில் செருகுவதுதான் வழி.

ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்புவது என்பதை ஊர் வீடுகளின் கூரைகளே சொல்லிவிடும். முகாமுக்குள் நுழையுமுன் நாலு வீட்டு ஆன்டெனாக்கள் எந்தத் திசையைப் பார்க்கின்றன, அவற்றின் குறுக்குக் கம்பிகள் படுத்திருக்கின்றனவா, நிமிர்ந்திருக்கின்றனவா என்று கவனித்தால் பாதி வேலை முடிந்தது. பெரிய கோபுரங்கள் அனுப்பும் அலை பெரும்பாலும் கிடைமட்டமானது. மலை மறைத்த பள்ளத்தாக்குகளுக்கென்று வைத்திருக்கும் சிறு துணைக் கோபுரங்களின் அலை பெரும்பாலும் செங்குத்தானது. கம்பியையும் அதற்கேற்ப வைக்காவிட்டால் சிக்னல் வெகுவாகக் குறைந்துவிடும். அந்தத் துணைக் கோபுரங்களில் சேனல்களும் குறைவு: பிபிசி, ஐடிவி, சேனல் 4 போன்ற பொதுச்சேவை ஒளிபரப்புகளோடு சரி.

எண்பதுகளில் தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் இலங்கையின் ரூபவாகினியைப் பிடிக்க மொட்டை மாடியில் ஏறி நின்று, "இப்ப தெரியுதா? இப்ப?" என்று கீழே இருப்பவரிடம் கேட்டுக் கேட்டு ஆன்டெனாவைத் திருப்பியவர்களுக்கு இந்த வேலை புதிதல்ல. ஒரு வித்தியாசம் உண்டு. அன்று சிக்னல் குறைந்தால் படத்தில் புள்ளி புள்ளியாக மழை பெய்யும். ஆனாலும் முகம் தெரியும், குரல் கேட்கும். டிஜிட்டலில் அந்த இடைநிலை மிகக் குறைவு. படம் துல்லியமாக இருக்கும். சற்றே சிக்னல் இறங்கினால் சதுரம் சதுரமாக உடையும். இன்னும் கொஞ்சம் இறங்கினால் ஒன்றுமே இல்லை. ஆகவே கண்ணால் படத்தைப் பார்த்து ஆன்டெனாவைத் திருப்புவதைவிட, டியூனர் மென்பொருளில் இருக்கும் சிக்னல் அளவைப் பார்த்துத் திருப்புவதே சரி. ஊர் மாறியதும் சேனல்களைப் புதிதாகத் தேடச் சொல்லவேண்டும். நேற்றைய கோபுரத்தின் அலைவரிசை இன்றைய ஊரில் இருக்காது.

அடுத்தது மின்சாரம். முகாமில் நீல நிறச் செருகியில் 230 வோல்ட் கிடைத்தால் கவலையில்லை. வெறும் வயலில் நிறுத்தினால் கேரவனின் 12 வோல்ட் பேட்டரிதான் கதி. 110 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியில் பாதிக்குமேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால், கையில் இருப்பது சுமார் 660 வாட்-மணி. 30 வாட் இழுக்கும் லேப்டாப் நான்கு மணி நேரம் ஓடினால் 120 போய்விடும். விளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் ஒதுக்கியது போக, மூன்று நான்கு மாலைகளுக்குத் தாங்கும். 12 வோல்ட்டை இன்வெர்ட்டரால் 230 ஆக்கி, அதை லேப்டாப் சார்ஜர் மறுபடி 19 வோல்ட்டாக்குவது சுற்றிவளைத்த வேலை. வழியிலேயே கொஞ்சம் வீணாகிறது. கார் சார்ஜர் நேரடியாகவே கொடுத்துவிடும். மலிவான இன்வெர்ட்டரில் இன்னொரு தொல்லையும் உண்டு. அதன் மின் இரைச்சல் டியூனருக்குள் புகுந்து படத்தை உடைக்கும். நன்றாக ஓடிய படம் சார்ஜரைச் செருகியதும் சிதறினால், ஆன்டெனாவைத் தொடவே வேண்டாம். சார்ஜரைப் பிடுங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கருவி மட்டும் போதாது; பிரிட்டனில் டி.வி. பார்க்க உரிமமும் வேண்டும். 2025 ஏப்ரலில் வருடக் கட்டணம் 174.50 பவுண்டானது. நேரலை டி.வி.யை லேப்டாப்பில் பார்த்தாலும் உரிமம் கட்டாயம். 2016 செப்டம்பரிலிருந்து ஐபிளேயருக்கும் அப்படியே. இழுத்துச் செல்லும் கேரவனுக்கு வீட்டு உரிமமே செல்லும். ஒரே இடத்தில் நிலையாக நிற்கும் கேரவன் என்றால், அதே நேரத்தில் வீட்டில் டி.வி. ஓடக்கூடாது என்பது நிபந்தனை. கேரவன் அல்லாத வேற்றிடங்களில் லேப்டாப் தன் சொந்த பேட்டரியில் ஓடும்வரை வீட்டு உரிமம் போதும். சுவரில் செருகிவிட்டால் அந்த முகவரிக்கே தனி உரிமம் வேண்டும்.

இந்த ஆன்டெனா ஒளிபரப்பு 2034 வரையாவது தொடரும் என்று அரசு உறுதி அளித்திருக்கிறது. அதற்குப்பின் எல்லாவற்றையும் இணையத்துக்கே மாற்றிவிடலாம் என்ற பேச்சு வலுத்து வருகிறது. கோபுரங்களை நம்பி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது 2021 ஆகஸ்ட் 10 அன்று தெரிந்தது. அன்று வடக்கு யார்க்‌ஷரில் பில்ஸ்டேல் கோபுரம் தீப்பிடித்து, லட்சக்கணக்கான வீடுகளில் டி.வி. நின்றுபோனது. முதியவர்களும், இணையச் சந்தா கட்ட வழியில்லாதவர்களும்தான் அதிகம் தவித்தார்கள். வீட்டுக்குள் கேபிள் வழியாக வரும் இணையம் எவ்வளவு வேகமாக இருந்தாலும், அது கேரவனோடு கூடவே வராது. மலைப் பள்ளத்தாக்குகளில் செல்போன் சிக்னல் நம்பும்படி வந்து சேர்வதற்கு முன் கோபுரங்களை அணைப்பது நியாயமல்ல. அந்த சிக்னலைக் கேட்டுப் பெறும் உரிமை, அங்கே வருடம் முழுக்க வாழ்பவர்களுக்குக் கேரவனில் வந்துபோகிறவர்களைவிட அதிகம்.