சுத்தியலுக்கு முன் சாட்சி

அடுப்படிச் சுவரில் டைல்ஸ் ஒட்டி முடித்த அன்று எல்லாம் அழகாகத்தான் இருக்கும். மேல் அலமாரிக்கு அடியில் புது விளக்கைப் பொருத்தி எரியவிட்டதும்தான் சங்கதி வெளிவரும். ஒரு டைலின் விளிம்பு பக்கத்து டைலைவிடத் துருத்தி நிற்க, அதன் நிழல் கோடாக விழும். ஸ்விட்ச் போர்டைச் சுற்றி வெட்டிய இடம் எலி கடித்தது போல இருக்கும். இரண்டு வாரம் சாம்பார் கொதித்த பிறகு வெள்ளை இடைவெளிக் கோடுகள் செம்மஞ்சளாகிவிடும். வீட்டில் ஒருவர், "இடிச்சிட்டு வேற போட்டுடலாம்" என்பார். இன்னொருவர், "போட்ட காசு?" என்பார்.

திருவனந்தபுரத்துத் தம்பானூரில் இந்தப் பேச்சுக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. ஒரு பக்கம் ரயில் நிலையம், எதிரே கேஎஸ்ஆர்டிசி பேருந்து நிலையம். ஏறி உட்கார்ந்தால் நாகர்கோவில். டைல்ஸை அங்கே வாங்கி, மார்த்தாண்டத்துக் கொத்தனாரைக் கூட்டிவந்து, வேலையை இங்கே முடிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கடை ஒரு மாநிலம், வீடு ஒரு மாநிலம். கோளாறு வந்தால் யாரைக் கேட்பது, எங்கே கேட்பது?

இடிப்பதா வேண்டாமா என்பதற்கு முன் முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: உங்கள் ஏமாற்றம் எந்த வகை?

மூன்று வகைக் குறை

முதலாவது ரசனைக் குறை. கடையில் பார்த்த சாம்பல் நிறம் வீட்டு வெளிச்சத்தில் நீலமாகத் தெரிகிறது. கிரானைட் மேடையோடு ஒட்டவில்லை. கேட்ட டைலைத்தான் கொடுத்தார்கள், சொன்னபடிதான் ஒட்டினார்கள் என்றால் இதற்குச் சட்டத்தில் மருந்து இல்லை. கொஞ்ச நாள் பழகிப் பாருங்கள். விளக்கை மாற்றினாலே பாதிக் குறை தீர்ந்துவிடுவதுண்டு.

இரண்டாவது வேலைக் குறை: மேடுபள்ளம், கோணல், டைலுக்கு அடியில் வெற்றிடம், டைல் இடைவெளியை நிரப்பிய க்ரவுட் உதிர்வது. மூன்றாவது பொருள் குறை: நிறம் மங்குதல், மேற்பூச்சில் மயிரிழை விரிசல், ஒரே பில்லில் வந்த பெட்டிகளுக்குள் நிற வேறுபாடு, காட்டிய மாதிரி ஒன்று வந்தது வேறொன்று. இந்த இரண்டுக்கும் காத்திருக்கக் கூடாது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

வேலைக் குறையைக் கண்டுபிடிக்க நிபுணர் வேண்டியதில்லை. சந்தையில் தேங்காயைத் தட்டிப் பார்ப்பது போல ஒரு நாணயத்தால் ஒவ்வொரு டைலையும் தட்டுங்கள். கெட்டியான சத்தம் வந்தால் சரி. "டொக்" என்று வெறுமையாக ஒலித்தால் அடியில் பசை பரவவில்லை. நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டை உருண்டையாகச் சிமென்ட் வைத்து அழுத்திவிடும் பழக்கத்தால் வருவது இது. நீரை 0.5 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சாத விட்ரிஃபைடு டைலில் வெறும் சிமென்ட் சரியாகப் பிடிக்காது; அதற்கென்று டைல் பசை இருக்கிறது. பசைக்கு ஐஎஸ் 15477, டைலுக்கு ஐஎஸ் 15622 என்று இந்தியத் தர நிர்ணயங்களும் உண்டு. வெற்றொலி வரும் டைல்களில் பென்சிலால் குறி போட்டு, தேதியோடு படம் எடுங்கள். மேடுபள்ளத்துக்கு நேரான இரும்பு அளவுகோலை வைத்து, இடைவெளி தெரியும்படி இன்னொரு படம்.

இடிக்காமலே தீர்வது

க்ரவுட் கறை பெரும்பாலும் இடிக்க வேண்டிய குறை அல்ல. மஞ்சளில் சுண்ணாம்பு கலந்து ஆரத்தி கரைத்தால் ஏன் சிவக்கிறதோ, அதே காரணத்தால்தான் புதுச் சிமென்ட் க்ரவுட்டில் மஞ்சள்பொடி பட்டால் செம்மை ஏறுகிறது. சிமென்ட்டும் சுண்ணாம்பு போலக் காரத்தன்மை உள்ளது. நுண்துளைகள் வழியே எண்ணெயையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். பழைய க்ரவுட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு எபாக்ஸி க்ரவுட் நிரப்பினால் கறை ஊறாது. ஆசிட் ஊற்றித் தேய்க்காதீர்கள். அது சிமென்ட்டையே அரிக்கும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒன்றாகக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய அடுப்படியில் அது உயிருக்கே ஆபத்து.

இரண்டு மூன்று டைல் மட்டும் வெற்றொலி என்றால் அவற்றை மட்டும் மாற்றலாம். அதற்காகத்தான் மிச்ச டைல்களைப் பெட்டியோடு வைத்திருக்கச் சொல்வது. பிறகு வாங்கும் டைல் வேறு பேட்ச்சாக இருந்தால் நிறம் சேராது.

பழைய டைல் மேலேயே புது டைல் ஒட்டுவது தூசி குறைந்த வழி. ஆனால் அடியிலுள்ளவை கெட்டியாக இருந்தால்தான் செல்லும். சுவரின் கனம் கூடுவதால் ஸ்விட்ச் போர்டு உள்ளே அமுங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இடித்தால் வரும் வம்பு

இரண்டடி உயரமும் பதினைந்தடி நீளமும் உள்ள சுவர் என்றால் முப்பது சதுர அடிதான். டைல் விலையை மட்டும் பெருக்கிப் பார்த்து மலிவு என்று நினைத்துவிடுவோம். இடிக்கும் கூலி, சுவர் பூச்சு, எலக்ட்ரீஷியன், பிளம்பர், கழிவு ஏற்றிச் செல்லும் வண்டி, அடுப்பு எரியாத நாட்களின் ஓட்டல் செலவு எல்லாவற்றையும் எழுதிக் கூட்டுங்கள். டைலின் கீழ்விளிம்பு கிரானைட் மேடைமேல் உட்கார்ந்திருக்கும். உளி தவறினால் மேடையும் விரியும்.

ஆபத்தும் உண்டு. சுவருக்குள் மின்கம்பிக் குழாயும் தண்ணீர்க் குழாயும் ஓடும். மெயின் ஸ்விட்சை அணைத்து, தண்ணீர் வால்வை மூடி, கேஸ் சிலிண்டரை வெளியே கொண்டுபோன பிறகே உளி வைக்க வேண்டும். டைலையும் பூச்சையும் உலர வெட்டும்போது பறக்கும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. தொடர்ந்து சுவாசித்தால் வருவது சிலிக்கோசிஸ். அதற்குக் குணம் கிடையாது. தண்ணீர் விட்டு வெட்டச் சொல்லுங்கள். வேலைக்காரருக்கு நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுப்பது உங்கள் செலவுக் கணக்கில் சேரட்டும்.

வாடகை வீடு என்றால் உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அடுக்குமாடி என்றால் சங்கத்திடம் சொல்லுங்கள். இடிபாட்டை ஓடையில் கொட்டாதீர்கள். ஒரு மழைக்கே மூழ்கும் தம்பானூரின் நீர்வழிகளைத் திறக்கத்தான் 2015-ல் 'ஆபரேஷன் அனந்தா' நடந்தது.

கொச்சியில் ஒரு தீர்ப்பு

மலையாள நகைச்சுவை நடிகர் ஹரிஸ்ரீ அசோகன் தம் வீட்டுக்கு, தமக்குப் பேர் வாங்கித் தந்த படத்தின் நினைவாக 'பஞ்சாபி ஹவுஸ்' என்று பெயர் வைத்தார். தரைக்கு 2,75,000 ரூபாய்க்கு இறக்குமதி டைல்ஸ் வாங்கிப் பதித்தார். சில காலத்தில் நிறம் மங்கியது. இடைவெளி விட்டு நீரும் மண்ணும் மேலே வந்தன. பலமுறை முறையிட்டும் பலன் இல்லாமல் எர்ணாகுளம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். வாங்கியதற்கும் வாரண்டிக்கும் ஆவணம் இல்லை என்பது எதிர்த்தரப்பின் வாதம். பில்லும் வாரண்டிப் பத்திரமும் தராமல் நுகர்வோரின் உரிமையைத் தடுப்பதே முறையற்ற வணிகம் என்று ஆணையம் திருப்பிக் கேட்டது. 2024 ஜூலையில் வெளிவந்த தீர்ப்பு 17,83,641 ரூபாய் தரச் சொன்னது. டைல் விலையைப் போல ஆறு மடங்குக்கும் மேல்.

அங்கே தரை, இங்கே சுவர். சட்டம் ஒன்றுதான்.

சட்டம் தரும் கை

2020 ஜூலை 20 முதல் நடப்பில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, கடைக்காரரையும் கூலி ஒப்பந்தம் எடுத்தவரையும் ஒருசேரப் பிடிக்கும். அதில் அடுப்படிச் சுவருக்கு வேண்டியவை இவை:

- பில் தராமல் இருப்பது முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சடித்துவிட்டால் குறையுள்ள பொருளுக்கான பொறுப்பு போய்விடாது.
- நீங்கள் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். நாகர்கோவிலில் வாங்கிய டைலுக்கும் வழுதக்காட்டிலுள்ள திருவனந்தபுரம் மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போடலாம்.
- கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை.
- குறை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். ரசனைக் குறைக்குக் காத்திருக்கலாம், வேலைக் குறைக்கும் பொருள் குறைக்கும் கூடாது என்றது இதனால்தான்.
- லாப நோக்கில் நடத்தும் பெரிய லாட்ஜ், ஓட்டல் 'நுகர்வோர்' ஆகாது. வயிற்றுப் பிழைப்புக்குத் தாமே நடத்தும் டீக்கடைக்காரர் ஆவார்.

ஒரு எச்சரிக்கை. நாள் கூலிக்கு ஆள் வைத்து நீங்களே பக்கத்தில் நின்று செய்யச் சொன்ன வேலை என்றால், 'எசமான் சொன்னதைச் செய்த கூலியாள்தான் நான்' என்ற வாதம் எழும்; வழக்கு பலவீனப்படும். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவதன் அருமை அப்போது தெரியும்.

பில்டரிடம் வாங்கிய புது பிளாட்டின் அடுப்படி என்றால் இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. 2016-ன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் (ரெரா) 14(3) பிரிவுப்படி, வீடு கைக்கு வந்து 5 ஆண்டுக்குள் தெரியும் வேலைப்பாட்டுக் குறையை, நீங்கள் சொன்ன நாளிலிருந்து 30 நாளுக்குள் பில்டர் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும்.

எந்த வரிசையில்?

1. படம், வீடியோ, பில், பணம் அனுப்பிய விவரம், டைல் பெட்டியின் பேட்ச் எண் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேருங்கள்.
2. கடைக்கும் ஒப்பந்தக்காரருக்கும் எழுத்தில் புகார் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் பேசினாலும் பதிவுத் தபால் ஒன்று போகட்டும். சரிசெய்ய 15 நாள் கெடு கொடுங்கள்.
3. பதில் இல்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். தீர்ப்புச் சொல்லும் இடமல்ல அது. பேசி முடிக்க உதவும்.
4. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட ஆணையம். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே புகார் பதியலாம். ஆணையமே சமரசத்துக்கு அனுப்பவும் கூடும்.
5. நேரில் பார்வையிட நிபுணரை அமர்த்தும்படி ஆணையத்தில் விண்ணப்பியுங்கள். அவர் வந்து பார்த்து அறிக்கை எழுதும்வரை சுவர் நிற்கட்டும்.

கடைசி வரிதான் இந்தக் கட்டுரையின் சாரம். கோபத்தில் சுவரை இடித்துவிட்டு வழக்குக்குப் போகிறவர், தம் முதல் சாட்சியைத் தாமே குப்பை வண்டியில் ஏற்றி அனுப்பியவர். தண்ணீர்க் கசிவு, கழன்று விழும் டைல் என்று அவசரமாக இடிக்க நேர்ந்தால், எதிர்த்தரப்புக்குத் தேதி சொல்லி எழுதுங்கள். இடிப்பதை முழுக்க வீடியோ எடுங்கள். பின்பக்கம் பசை படாத டைல் இரண்டைப் பெட்டியோடு பரணில் வையுங்கள்.

மறுபடி ஒட்டுவதென்று முடிவானால் மறுபடி கடைக்குப் போவீர்கள். "பில் வேண்டாம்னா கொஞ்சம் குறைச்சுத் தரேன்" என்பார் கடைக்காரர். போன முறையும் அந்தக் கொஞ்சத்துக்குத்தான் தலையாட்டினீர்களா என்று யோசித்துப் பார்த்துவிட்டு, "பில் போட்டே குடுங்க அண்ணாச்சி" என்று சொல்லுங்கள்.